பங்குனி ஆமைக்காக ஓர் இரவு விழிப்பு

கோயிலுக்குப் போகிற வழக்கம் எப்போதோ நின்றுவிட்டது, ஆனாலும் வருடத்தில் சில நாளாவது நாலு பேரோடு சேர்ந்து எதன் முன்னாலாவது பணிந்து நிற்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்கிறவர்கள் சென்னையில் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்குத் தியான வகுப்பையோ மலைப்பயணத்தையோ நான் சொல்வதில்லை. ஜனவரிக்கும் ஏப்ரல் தொடக்கத்துக்கும் நடுவில் ஒரு வார இறுதி இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, சுமார் 7 கிலோமீட்டர், கடலோரமாக நடந்து பாருங்கள் என்பேன். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமைகளைத் தேடிப் போகும் நடை அது.

சாமி இல்லை, பூசாரி இல்லை, உண்டியல் இல்லை. நியமங்கள் மட்டும் உண்டு. விளக்கு கூடாது, சத்தம் கூடாது, வெள்ளைச் சட்டை கூடாது, முன்னால் போகிறவரைத் தாண்டக் கூடாது. மாலை போட்டவர்களின் விரதத்துக்குக் கொஞ்சமும் குறையாத பட்டியல். ஆனால் இங்கே ஒவ்வொரு ‘கூடாது’க்கும் ‘ஏன்’ என்று கேட்கலாம், பதில் வரும், அந்தப் பதிலை மணலிலேயே சரிபார்த்துக்கொள்ளவும் செய்யலாம். இன்னோர் உயிருக்காகத் தன் சௌகரியத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்பது, அதைப் பலர் சேர்ந்து ஒழுங்காகச் செய்வது: புனிதம் என்றால் எனக்கு இவ்வளவுதான். ‘இயற்கையோடு ஒன்றுவது’ மாதிரியான பேச்செல்லாம் இரவு இரண்டு மணிக்குக் கெண்டைக்கால் இழுக்கும்போது உதவாது.

இந்த நடைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆமை முட்டையை எடுத்து விற்றுக்கொண்டிருந்த 1970களில், சென்னைப் பாம்புப் பண்ணையோடு சேர்ந்திருந்த ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் இரவில் நடந்து, விற்கிறவர்களுக்கு முந்தி முட்டையைக் கண்டுபிடித்துப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். 1980களில் சில வருடம் வனத்துறை பொரிப்பகம் நடத்தியது. அது நின்றுபோனதும் 1988இல் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்கிற அந்தக் கூட்டம் இன்றும் நடக்கிறது. மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள், அடுத்த செட் வரும். முதல் வருடம் பின்னால் நடந்தவர் மூன்றாம் வருடம் முன்னால் நடப்பார். ஐம்பது வயது வங்கி அதிகாரியை “சார், கொஞ்சம் உட்காருங்க, ஆமை வருது” என்று இருபது வயதுப் பெண் அடக்குவதும், அவர் மறுபேச்சில்லாமல் ஈர மணலில் உட்காருவதும் அங்கே சாதாரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பங்குனி ஆமை கடலாமைகளில் சிறிய வகை. ஓடு இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூடுதல், எடை 35 முதல் 45 கிலோ. பெயரில் பங்குனி இருந்தாலும் சென்னைக் கரையில் தை மாதமே வரத் தொடங்கிவிடும், மாசியில்தான் அதிகம். கரைக்கு வருவது பெண் மட்டும். அகநானூற்றின் 160ஆம் பாட்டில் ஆமை அடும்பங்கொடியைச் சிதைத்து மணலில் முட்டையைப் புதைப்பது கண்ணால் பார்த்தவர் சொல்வதுபோல அப்படியே இருக்கிறது. ஆனால் குஞ்சு பொரியும்வரை ஆண் ஆமை காவல் காக்கும் என்கிற இடம் மட்டும் தப்பு. ஆண் கடலை விட்டு வெளியே வருவதே இல்லை. பெண்ணும் புதைத்துவிட்டுப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் காவல் வேலை காலியாகவே கிடந்தது. இப்போது அதை மனிதர்கள் செய்கிறார்கள்.

நடைக்கு இரவு பதினொன்றுக்கு மேல் கூடுவார்கள். முதல் அரை மணி நேரம் பேச்சு: ஆமையைப் பற்றி, நியமங்களைப் பற்றி. இதைத் தவறவிட்டுவிட்டு நேராக மணலில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்பவர்களை அழைத்துப்போகாமல் இருப்பதே நல்லது. கருப்பு, கருநீலம், பழுப்பு மாதிரி அடர்நிறத் துணி உடுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பிஸ்கட், மூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு கைக்குட்டை (காரணம் பின்னால் வரும்). கொசு மருந்தும் சென்ட்டும் வேண்டாம். வழியில் கழிப்பறை கிடையாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளால் நாலைந்து மணி நேரம் தூங்காமல் நடக்க முடியாது. நடுவழியில் திரும்பவும் முடியாது. ஈர மணலில் வெறுங்கால்தான் சுகம், ஆனால் மேட்டு மணலில் உடைந்த பாட்டில் கிடக்கும், வேறு சிலவும் கிடக்கும். செருப்பு கையிலோ பையிலோ இருக்கட்டும்.

போனை அணைத்து உள்ளே வைக்கச் சொல்வார்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒருவர் வாட்ஸ்அப் பார்த்தால் சுற்றியிருக்கும் எல்லோருடைய கண்ணும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச் தலைமை தாங்குபவரிடம் மட்டும் இருக்கும். அவரும் அதைப் போடாமலேதான் நடப்பார். அலை கடைசியாக ஏறி நின்ற ஈரக்கோட்டை ஒட்டி நடப்பது வழக்கம், ஏனென்றால் எந்த ஆமையும் கரைக்கு வர அந்தக் கோட்டைக் கடந்தாக வேண்டும். அவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள். முன்னால் ஓடினால் தடத்தை மிதித்து அழித்துவிடுவீர்கள்.

தடம் என்றால் டிராக்டர் சக்கரம் ஏறி இறங்கியதுபோல இருக்கும், இரண்டரை அடி அகலம். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு நகர்வதால் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிரே விழாது. துடுப்பு மணலைப் பின்னால் தள்ளும். மணல் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து ஆமை வந்திருக்கிறது. ஏறிய தடம் ஒன்றும் இறங்கிய தடம் ஒன்றும் இருந்து, நடுவில் ஒரு மீட்டருக்கு மணல் கலைந்திருந்தால் அங்கே முட்டை இருக்க வாய்ப்பு. கலைந்த இடமே இல்லாமல் தடம் வளைந்து திரும்பியிருந்தால், எதற்கோ பயந்து முட்டையிடாமல் போயிருக்கிறது. பெரும்பாலும் நாய், அல்லது வெளிச்சம், அல்லது பைக்கைக் கரைக்கே ஓட்டி வந்த யாரோ.

ஆமையே கண்ணில் பட்டால் எல்லோரும் அப்படியே உட்கார வேண்டும். கரையேறும்போது அது மிக உஷார்; ஓர் அசைவு தெரிந்தால் போதும், திரும்பிவிடும். இடம் பிடித்து, மேல் மணலைத் துழாவி ஒதுக்கி, பின்துடுப்புகளால் குழி தோண்டத் தொடங்கும்வரை கிட்டே போகக் கூடாது. அந்தத் தோண்டலைப் பின்பக்கமிருந்து பார்க்கக் கிடைத்தால் அதைவிடப் பெரிய பேறு கிடையாது. இடது துடுப்பு உள்ளே போய், நுனி சுருண்டு, ஒரு கை மணலை அள்ளி வெளியே வைக்கும். அடுத்த நொடி வலது துடுப்பு தன் பக்கத்து மணலை முன்னால் தட்டிவிடும். பிறகு வலது உள்ளே போகும். குழியை அது பார்ப்பதே இல்லை, தலை மறுபக்கம் இருக்கிறது. முடிவில் ஒரு முழம் ஆழத்துக்கு, வாய் குறுகி அடி அகன்ற குடுவை வடிவக் குழி.

முட்டையிடத் தொடங்கியபின் ஆமைக்குச் சுற்றுப்புறம் மறந்த மாதிரி ஒரு நிலை வரும். அப்போதுதான் ஓரிருவராகப் பின்பக்கமாகச் சென்று பார்க்கலாம். இரண்டு மூன்றாக விழும். நூறு, நூற்றிருபது வரை போகும். வெள்ளை உருண்டை, குறுக்களவு 4 சென்டிமீட்டருக்கு ஒட்டி, விரலால் அழுத்தினால் குழியும் ஓடு. கண்ணிலிருந்து நீர் வடியும். அழுகிறது என்று பக்கத்திலிருப்பவர் சொல்வார். உடம்பிலிருக்கும் உப்பை வெளியேற்றும் சுரப்பி அது. முடிந்ததும் மணலை மூடி, உடம்பை இடமும் வலமும் சாய்த்து அடித்து மண்ணை இறுக்கும். அந்தத் ‘தொம் தொம்’ சத்தம் உட்கார்ந்திருப்பவர் தொடையில் அதிரும். ஏறியதிலிருந்து இறங்குவது வரை எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இதைப் பார்க்கக் கிடைக்காத இரவுகளே அதிகம். தடம்கூட இல்லாமல் பெசன்ட் நகர் வந்து சேர்ந்து, டெப்போவில் முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரும். ஆமை காட்டுகிறேன் என்று உத்தரவாதம் கொடுத்துக் காசு கேட்கிறவர்களோடு போகாதீர்கள். வேண்டுதல் வைத்து வாங்குகிற தரிசனம் இல்லை இது.

முட்டையை எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை, வனத்துறை அனுமதியோடு செய்வது. கடலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. தெரியாமல் ஆர்வத்தில் தோண்டினேன் என்பது சட்டத்தின் முன் எடுபடாது. ஆனால் செய்முறை தெரிந்திருப்பது நல்லது, நியமம் எவ்வளவு நுட்பமானது என்று புரியும். கலைந்த மணலில் மழுங்கிய குச்சியை மெல்ல மெல்ல ஊன்றிப் பார்ப்பார்கள். மற்ற இடமெல்லாம் கெட்டியாக நிற்கும், குழியின் வாய் இருக்கும் இடத்தில் குச்சி தானாக இறங்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஓர் அழுத்து அழுத்தினால் முட்டை உடையும். வழிந்த மஞ்சள்கருவுக்கு எறும்பும் பூஞ்சையும் வந்து பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும். பிறகு கையால்தான் தோண்டுவது.

இட்ட முதல் சில மணி நேரத்துக்குள் முட்டையை மாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், முட்டையின் உச்சியில் வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். அந்த நிலையில் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். அதனால்தான் எடுக்கும்போதே மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி எடுத்து, அதே குழியின் ஈர மணலைத் துணிப்பைக்குள் போட்டு, எண்ணி வைத்து, ஆட்டாமல் குலுக்காமல் கையில் தூக்கி நடக்கிறார்கள். மீதி ஐந்து கிலோமீட்டரும் அந்தப் பையை முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். தேர் வடம் பிடிக்க முண்டியடிக்கிற ஊரில், இந்தப் பையை வாங்கிக்கொள்ள ஒவ்வொருவரும் காட்டுகிற தயக்கத்தைப் பார்க்க வேண்டும்.

பொரிப்பகம் என்பது அலை எட்டாத மேட்டில் கம்பு நட்டு வலை கட்டிய அடைப்பு. கொண்டுவந்த முட்டைகளுக்கு ஆமை தோண்டிய அதே ஆழம், அதே வடிவத்தில் குழி. நேர் சுவராகத் தோண்டினால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகிக் காற்றோட்டம் குறையும். மேலே மூடும்போது ஈர மணல் முதலில், காய்ந்த மணல் கடைசியில். காய்ந்ததைக் குழிக்குள் விட்டால் முட்டை ஈரம் இழந்து சுருங்கும். குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி. பக்கத்தில் ஒரு சீட்டு: தேதி, எடுத்த இடம், எண்ணிக்கை. போன வருடத்து மணலில் பழைய ஓடும் பூஞ்சையும் தங்கியிருக்கும் என்பதால் அடைப்பை வருடாவருடம் இடம் மாற்றுவது நல்லது.

பொரிய 45 முதல் 60 நாள். குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது மணலின் சூடு. 29, 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும், அதற்கு மேல் சூடேறினால் பெண் அதிகம், 34ஐத் தாண்டி நீடித்தால் கருவே தாங்காது. அதனால் மார்ச் கடைசியில் அடைப்புக்கு மேல் நிழல் போடுவார்கள். இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும்: பொரிப்பகம் நல்ல ஏற்பாடு இல்லை, வேறு வழியில்லாத ஏற்பாடு. நாயும் விளக்கும் இல்லாத கரையில் முட்டையை இட்ட இடத்திலேயே விடுவதுதான் சரி. சென்னையில் அப்படிப்பட்ட கரை மிச்சமில்லை.

நாற்பத்தைந்தாம் நாளுக்குள் ஒவ்வொரு குழியின்மேலும் ஒரு கூடையைக் கவிழ்த்துவிடுவார்கள். குஞ்சுகள் உள்ளே ஓட்டை உடைத்துக்கொண்டு மேலே நகரும்போது மணல் லேசாகக் குழிந்து இறங்கும். அடுத்த ஓரிரு இரவில் வெளியே வரும் என்பதற்கு அடையாளம். அதிலிருந்து இரவு முழுக்கக் கூடைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் காவல்தான் உண்மையான வழிபாடு என்று எனக்குத் தோன்றும். நடையில் ஆமை வரலாம் என்கிற பரபரப்பு இருக்கிறது. காவலில் அதுகூட இல்லை. அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து போய்க் கூடையைப் பார்ப்பது, நாயை விரட்டுவது, மறுபடி உட்காருவது. வேலைக்குப் போகிறவர், செமஸ்டர் எழுதுகிறவர், குப்பத்துப் பையன்கள் என்று முறை போட்டுக்கொண்டு இதைச் செய்கிறார்கள். யார் யாருக்கு எந்தச் சாதி, என்ன மதம் என்பது அந்தப் பட்டியலில் எழுதப்படுவதில்லை. எந்த இரவு வர முடியும் என்பது மட்டும்தான்.

குஞ்சுகளை விடும்போதுதான் கூட்டம் கூடுகிறது, தவறும் அங்கேதான் அதிகம் நடக்கிறது. பலர் பார்க்க வேண்டும் என்று மாலைவரை குஞ்சுகளைப் பிடித்து வைப்பது முதல் தவறு. மஞ்சள்கருவின் மிச்சம்தான் அவற்றுக்கு முதல் சில நாள் சாப்பாடு. கரையிலிருந்து விடாமல் நீந்தி விலக அந்தச் சக்தி வேண்டும். தண்ணீர் வாளியில் போட்டால் அங்கேயே நீந்தி அதைத் தீர்த்துவிடும். பாவம் என்று கையில் எடுத்து அலையில் விடுவது அடுத்தது. குஞ்சு மணலில் தானே ஊர்ந்துதான் போக வேண்டும். பிறந்த கரையின் அடையாளம் அப்போது பதியத் தொடங்குகிறது என்று கருதப்படுகிறது. பல வருடம் கழித்து முட்டையிடப் பெண் ஆமைகள் பிறந்த பகுதிக்கே திரும்புகின்றன.

எல்லோரும் குஞ்சுகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நகரத்தின் வெளிச்சம் பின்னாலிருந்து இழுப்பதால், ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரே ஒரு டார்ச்சைக் காட்டுவார். அதை நோக்கிக் குஞ்சுகள் போகும். விடுவதற்கு முன் மணலைக் காலால் தட்டிச் சமப்படுத்திவிடுங்கள். உங்கள் காலடிக் குழி ஒன்றரை அங்குலக் குஞ்சுக்குக் கிணறு. நின்ற இடத்திலிருந்து காலை எடுக்கும் முன் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக்கூட அசைக்காமல் நிற்பதைப் பார்த்தால், எந்த மூலஸ்தானத்தின் முன்னாலும் இவர்கள் இப்படி நின்றிருக்க மாட்டார்கள் என்று சொல்லத் தோன்றும். இவ்வளவும் செய்து அனுப்பினாலும் ஆயிரத்தில் ஒன்று பெரிதாகி வந்தால் அதிகம் என்பது பொதுவான மதிப்பீடு.

கைக்குட்டை எதற்கு என்றேன். செத்த ஆமைகளுக்காக. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தால் மூழ்கிச் செத்ததன் அறிகுறி. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பிராணி. விசைப்படகு பின்னால் கட்டி இழுத்துப்போகும் பை வலையான இழுவைமடியில் மாட்டி மணிக்கணக்கில் இழுபட்டால் வர வழியில்லை. மடியின் கழுத்தில் கம்பிச் சட்டமும் ஒரு திறப்பும் வைத்தால் ஆமை வெளியேறிவிடும், மீன் உள்ளே போய்விடும். ஆனால் திறப்பு வழியாகக் கொஞ்சம் மீனும் போகும் என்பதால் படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். கரையை ஒட்டி இழுவைப் படகுகள் தொழில் செய்யக் கூடாது என்று தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடிச் சட்டம் சொல்கிறது. அந்தப் படகுகளால் ஆமைக்கு மட்டுமில்லை, ஃபைபர் போட்டில் போகும் குப்பத்துக்காரர்களின் வலைக்கும் நஷ்டம். ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடை, ஆமைப் பருவம் முடிகிற நேரத்தில்தான் வருகிறது.

நடையில் பிணம் எதிர்ப்பட்டால் தாண்டிப் போய்விடுவதில்லை. ஓட்டின் நீளம் அகலம் அளந்து, இடமும் தேதியும் குறித்து, அடுத்த வாரம் மறுபடி எண்ணிவிடாமல் இருக்கப் பெயின்ட்டால் ஓர் அடையாளம் போடுவார்கள். நாடாவின் ஒரு முனையை நீங்கள் பிடிக்க நேரலாம், பிடியுங்கள். உயிரோடு வருவதை மட்டும் பார்ப்பேன், செத்ததைப் பார்க்க மாட்டேன் என்றால் இந்த நடை உங்களுக்கானது இல்லை.

குப்பத்து மக்களைப் பற்றி இரண்டு வார்த்தை. நீலாங்கரை, பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர், ஊரூர் என்று வழி நெடுகக் குப்பங்கள். உங்களுக்கு அது கடற்கரை, அவர்களுக்கு வாசல். காய வைத்த வலையை மிதிக்காதீர்கள், படகில் செருப்போடு ஏறி உட்காராதீர்கள், மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்பும் அண்ணன்மார் கேட்டால் என்ன செய்கிறோம் என்று நின்று பதில் சொல்லுங்கள். எங்கே தடம் இருக்கிறது என்று பல நாள் அவர்கள்தான் சொல்வார்கள். மாசி மகத்தன்று தீர்த்தவாரிக்குச் சாமிகள் கடலுக்கு வரும்போது கரையெங்கும் டியூப்லைட்டும் ஜெனரேட்டரும் இருக்கும். அன்றைக்குச் சண்டை போடாமல், கூட்டம் கலைந்தபின் விடியற்காலையில் தடம் தேடுவதுதான் புத்தி.

நடக்க முடியாதவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. கடலோரத்தில் வீடோ பிளாட்டோ இருந்தால் ஜனவரி முதல் மே வரை கடல் பக்க விளக்குகளை இரவு அணைத்து வையுங்கள். பாதுகாப்புக்கு வேண்டுமென்றால் கீழ்நோக்கி மூடிய, மஞ்சளோ சிவப்போ கலந்த மங்கல் விளக்கு. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். வெளிச்சத்தை நம்பிக் காம்பவுண்டுக்குள் புகுந்த குஞ்சுகள்தான் உருப்படுவதில்லை; காலையில் வெயிலில் காய்ந்தோ காக்கைக்கு இரையாகவோ கிடக்கும். உயிரோடு கண்டால் வாளியில் தண்ணீர் ஊற்றாமல், அடியில் ஈர மணல் பரப்பி, அதில் விட்டு, துணியால் மூடி நிழலில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதோடு, குஞ்சுகள் எந்தப் பக்கமிருந்து வந்தன என்று மணலில் பார்த்து வையுங்கள். குழியில் இன்னும் சில மிச்சம் இருக்கலாம்.